அதையும் தமிழில் சொல்லுங்க

எதையாவது மழுப்ப வேண்டுமென்றால் நீங்கள் இருவரும் சட்டென்று இங்கிலீஷுக்குத் தாவுவீர்கள். நான் உடனே, "அதையும் தமிழ்ல சொல்லு" என்பேன். அப்பாவுக்குத் தமிழ்ப் பைத்தியம் என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். பைத்தியமெல்லாம் இல்லை. நாம் வீடு வாங்கக் கிளம்பியபோது வந்த பழக்கம் அது. எழுதி வைக்கிறேன், எழுத்துக் கூட்டியாவது படியுங்கள்.

அப்போது மராத்திக்காரர்கள் ஊரான தளேகாவில் வாடகைக்கு இருந்தோம். பதினோரு மாதம் ஆனதும் வீட்டுக்காரர் புது அக்ரிமெண்ட் போட்டு வாடகையை ஏற்றுவார். பிடிக்காவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான். அப்படி ஒருமுறை சாமான் ஏற்றிய டெம்போவில் உட்கார்ந்துகொண்டு, "இனிமே அடுத்தவுக வீட்ல ஆணி அடிக்க மாட்டேன்" என்றாள் உங்கள் அம்மா.

அதன் பிறகுதான் தேடினோம். புதுக் கட்டடம் ஒன்றில் மூன்றாவது மாடி வீடு அவளுக்குப் பிடித்துப்போனது. பால்கனியில் நின்றால் மலை தெரியும். மராத்தி வருஷப் பிறப்பான குடி பாட்வாவுக்குள் கடன் உறுதியாக வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பில்டர் ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

கராடியில் இருந்த ஒரு கடன் கம்பெனியிலிருந்து ஏஜெண்ட் வந்தார். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். செருப்பைக் கழற்றும்போதே, "மதினி, சாம்பார் வாசம் ரோடு வரைக்கும் வருது" என்றார். நம் ஊர்ப் பக்கம் அண்ணியைக் கூப்பிடும் மதினி என்ற சொல்லை உங்கள் அம்மா கேட்டு வருஷக்கணக்காகியிருக்கும். காப்பியோடு முறுக்கும் வந்தது.

"அண்ணே, பேங்க்கவிட வட்டி கம்மி. இப்பக் குடுக்கிற வாடகைக்கு மேல கொஞ்சம் போட்டா வீடு உங்களுது. பேப்பரெல்லாம் நான் பாத்துக்கிறேன். பாட்வாவுக்குள்ள கையெழுத்த மட்டும் போட்டுருங்க."

"இந்த வட்டி எத்தன வருசத்துக்கு?" என்று கேட்டேன்.

"இனிஷியல் பீரியட் ஃபிக்ஸ்டு. அப்புறம் ரீசெட் ஆகும், அஸ் பெர் கம்பெனி ரேட்." முறுக்கைக் கடித்ததும் தமிழ் திரும்பி வந்தது. "மலை பாத்த வீடுண்ணே, விட்றாதீக."

ரீசெட் எனக்குத் தெரியாத வார்த்தையா? சாகணில் இருக்கும் எங்கள் கம்பெனியில் நான் ஓட்டும் பிரஸ் மெஷினில் அந்தப் பெயரில் ஒரு பட்டன் இருக்கிறது. மெஷின் மக்கர் செய்தால் அதை அழுத்துவேன், பழைய நிலைக்கு வந்துவிடும். வட்டியும் அப்படித்தான் பழையபடி வரும்போல என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன்.

"தவணையில வேற ஏதும் சேருமா?"

"பண்டில்டு இன்ஷூரன்ஸ் ஒண்ணு. ஜஸ்ட் ஸ்டாண்டர்டு."

அடுப்படியிலிருந்து உங்கள் அம்மாவின் குரல் வந்தது. "ஏன் தம்பி, முறுக்கத் தமிழ்ல திங்கிறீக, வட்டிய மட்டும் இங்கிலீஷ்ல சொல்லுறீகளே!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனிப்பானதெல்லாம் தமிழில் வந்தது, மற்றதெல்லாம் இங்கிலீஷில் போனது. ஆட்டிய தலையை நிறுத்தினேன்.

"அதையும் தமிழ்ல சொல்லுங்க தம்பி."

"அதுக்கெல்லாம் தமிழ்ல வார்த்தை கிடையாதுண்ணே."

"மதினிக்குப் புரியிற மாதிரி சொன்னாப் போதும்."

தமிழில் அவருக்கு வேகம் குறைந்துபோனது. "ரெண்டு வருசம் இந்த வட்டி. அப்புறம்... கம்பெனி என்ன வட்டி வைக்குதோ அது."

"கூடுமா?"

"கூடலாம்."

"இம்புட்டுக்கு மேல கூடாதுன்னு ஏதும் இருக்கா?"

"இல்லண்ணே."

"அந்த இன்ஷூரன்ஸ்?"

"அந்தப் பணத்தையும் கடனோட சேத்துருவோம்."

"அப்ப அதுக்கும் நான் வட்டி கட்டணும்."

"ஆமாண்ணே."

"நடுவுல வேற பேங்க்குக்கு மாத்திக்கிட்டா?"

"அந்த ரெண்டு வருசத்துக்குள்ளன்னா அபராதம் உண்டு." பிறகு, கொஞ்சம் கோபமாகவே, "எல்லாரும் போடுறாகண்ணே. யாரும் இப்பிடிக் கேள்வி கேட்டதில்ல. நாளைக்கு வீடு போயிரும், பாத்துக்கிருங்க" என்று பேனாவை என் கையில் திணித்தார்.

உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அந்தப் பால்கனியில் எந்த மூலையில் துளசி வைப்பது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தவள் அவள். முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டே, "வீடு போகட்டும். மலை எங்கிட்டுப் போகப் போகுது?" என்றாள். நான் பேனாவை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

வீடு போய்விட்டது. கம்பெனி பஸ்ஸில் கூட வரும் நம்மூர்க்காரர்கள் வாரக்கணக்கில் கேலி செய்தார்கள். "தமிழ் வாத்தியாரே, வட்டிக்கு இலக்கணம் பாத்தீகளா?" பார்த்தேன் என்றுதான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். புரியாததைப் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு, அதற்கு மாதாமாதம் தண்டம் கட்ட எனக்கு இஷ்டமில்லை.

அரசு வங்கியில் அலையவிட்டார்கள். ஆனாலும் அங்கிருந்த மராத்தி அம்மா, வட்டி எதைப் பார்த்து ஏறும், எதைப் பார்த்து இறங்கும் என்று நான் கேட்டதற்கெல்லாம் சலிக்காமல் இந்தியில் சொன்னார். ஆரம்ப வட்டி அந்தக் கம்பெனியைவிடக் கூடுதல்தான். அது ஏறியும் இருக்கிறது, இறங்கியும் இருக்கிறது. என்னிடம் சொல்லாமல் ஏறியதில்லை.

அப்படி வாங்கியதுதான் தண்டவாளத்தை ஒட்டிய இந்தத் தரைத்தள வீடு. லோணாவளா வண்டி போனால் தட்டுகள் அதிரும், மலை தெரியாது. சாவி வாங்கிய அன்று, பால் காய்ச்சுவதற்கு முன்பே உங்கள் அம்மா சுத்தியலை எடுத்து நடுச்சுவரில் ஓர் ஆணி அடித்தாள். அதில் இன்றுவரை எதையும் மாட்டவில்லை. சும்மா எதற்கு இந்த ஆணி, பிடுங்கிவிடலாமே என்று கேட்கிறீர்கள். அது அங்கேயேதான் இருக்கும்.