ஒரு நாள் கூட விடாமல் பிரசென்ட்

ஏப்ரல் மாதக் கடைசி வியாழக்கிழமை. காலை பதினோரு மணி. சேலையூர் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில், மூட்டைகளுக்கு நடுவே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் வாட்ச் – எல்லாம் அப்படியே!

"இன்னா சார் தேடிக்கினு கீற?" என்றார் கடைக்காரர்.

"பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டுப்பா. திங்கட்கிழமை பேப்பரோட சேர்த்துப் போட்டுட்டேன்."

"திங்கக்கெழமயா? அது அன்னிக்கே லோடு ஏறிப் போச்சு சார். இந்நேரம் அரைச்சி அட்டப்பொட்டியா ஆயிருக்கும். இன்னா... வூட்டுப் பத்திரமா?"

வீட்டுப் பத்திரமாக இருந்தால் நகல் வாங்கிவிடுவேனே! அது என் பேத்தியின் அட்டெண்டன்ஸ் நோட்டு.

இதை எழுத எனக்கு ஒரு மாதமாகக் கை வரவில்லை. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் – நான் பெருமையடிக்காத வாரம் கிடையாது. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். சினிமா போஸ்டரையும் பேப்பரையும் எழுத்துக் கூட்டிப் படித்தே தமிழ் கற்றவன். தாம்பரத்திலிருந்து கோவிலம்பாக்கம் வரை நான் சென்ட்ரிங் அடித்த மாடிகள் எத்தனை! காலேஜில் படித்த இன்ஜினியர்கள் என்னைக் கேட்டுவிட்டுத்தான் பலகையைப் பிரிப்பார்கள். இதையெல்லாம் பல தடவை சொல்லிவிட்டேன். இந்த வாரமும் சொல்லிவிட்டேன், பாருங்கள்!

பேத்தி பெயர் கீர்த்தனா. பதின்மூன்று வயது. என் மகள் மாலதியின் ஒரே பிள்ளை. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை என்பதால் தாயும் பிள்ளையும் என்னோடுதான் இருக்கிறார்கள்.

கீர்த்திக்குக் கொஞ்சம் திக்கும். வீட்டில் அது ஒரு விஷயமே இல்லை. பள்ளிக்கூடத்தில்தான் விஷயம். காலையில் பெயர் கூப்பிடுவார்களே... "பிரசென்ட் மிஸ்" என்று சொல்ல வேண்டும். இவள் "பி... பி..." என்று ஆரம்பித்து முடிப்பதற்குள் அடுத்த மூன்று பெயர் போய்விடும். வகுப்பே சிரிக்கும். ஒரு நாள் அந்த டீச்சர், உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டார். மறுநாள் காலை கீர்த்தி ஷூ போட மாட்டேன் என்றாள். அதற்கடுத்த நாளும் மாட்டேன் என்றாள்.

மாலதி ஒரு முடிவு எடுத்தாள். வீட்டிலேயே பாடம். அனகாபுத்தூர் பக்கம் சர்ச் நடத்தும் ஒரு சின்னப் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெயர் பதிந்து வைத்துக்கொள்கிறார்கள். தினம் போக வேண்டாம், மாதம் ஒரு தடவை போய்ப் பரீட்சை எழுதினால் போதும். ஒரே ஒரு கண்டிஷன் – வீட்டில் தினமும் அட்டெண்டன்ஸ் எழுத வேண்டும். அன்று படித்தாளா, என்ன படித்தாள் என்று அன்றே எழுத வேண்டும். வருடக் கடைசியில் நோட்டைக் கொடுத்தால் சர்டிபிகேட்.

மூன்று வருடம் இப்படிப் போனது. இந்த ஜனவரியில் கீர்த்தியே வந்து சொன்னாள், "நா... நான் ஸ்கூல் போறேன் தாத்தா." ஒன்பதாம் வகுப்புக்கு மேடவாக்கத்தில் ஒரு பெரிய பள்ளியில் இடமும் கிடைத்தது. மே மாதத்துக்குள் எட்டாம் வகுப்பு சர்டிபிகேட்டைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து மொட்டை மாடியில் தினம் ஒரு குரல் – "பிரசென்ட் மிஸ்... பிரசென்ட் மிஸ்..." தண்ணீர் டேங்கைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

இங்கேதான் நான் வருகிறேன்.

நோட்டைக் கொடுக்க வேண்டிய நேரத்தில் மாலதிக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை காலை என்னிடம் கொடுத்து, "நாளைக்கு ஸ்கூல்ல குடுத்துடுப்பா" என்றாள். மத்தியானம் சும்மா புரட்டிப் பார்த்தேன். "காலையில் பின்னம். மதியம் அழுதாள். படிக்கவில்லை." "ஆப்சென்ட். எனக்குத் தலைவலி." "இட்லிக்கு அரிசி உளுந்து அளந்து விகிதம் படித்தோம்." பிப்ரவரியில் ஒரு நாள், "இன்று பிரசென்ட் மிஸ்ஸை ஒரே மூச்சில் சொன்னாள்." நோட்டு முழுக்க அடித்தல், திருத்தல், எண்ணெய்க் கறை. இதையா ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது? என் பேத்தி இத்தனை நாள் மட்டம் போட்டாள் என்று ஊருக்குச் சொல்வதா?

எங்கள் தொழிலில் மஸ்டர் என்று ஒரு நோட்டு உண்டு. சைட்டில் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்ற பதிவு. தினமும் எழுத வேண்டும் என்பது சட்டம். சனிக்கிழமை டீ குடித்துக்கொண்டே வாரம் முழுவதற்கும் ஒரே மூச்சில் போடுவது வழக்கம். நாற்பது வருடம் போட்டிருக்கிறேன். ஒருவரும் கேட்டதில்லை.

புது லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஞாயிறையும் சிவப்பில் அச்சடித்த விடுமுறைகளையும் தள்ளிவிட்டு, மிச்சம் அத்தனை நாளுக்கும் பிரசென்ட்! சாயங்காலக் காபிக்குள் ஒரு வருடத்தை முடித்துவிட்டேன். அச்சுக் கோத்த மாதிரி இருந்தது. திங்கட்கிழமை புது நோட்டு பள்ளிக்குப் போனது. பச்சை நோட்டு பழைய பேப்பரோடு போனது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சர்டிபிகேட் வந்ததும் சொல்லிப் பெருமைப்படலாம் என்று வைத்திருந்தேன்.

புதன்கிழமை கூப்பிட்டார்கள். தலைமை ஆசிரியை கிரேஸ் டீச்சர் தன்மையானவர். என் நோட்டு மேஜை மேல் இருந்தது.

"உட்காருங்க சார். இது யார் எழுதினது?"

"நான்தான் டீச்சர். எப்படி இருக்கு கையெழுத்து?"

"ரொம்ப அழகா இருக்கு சார். அதான் பிரச்சினை."

ஒரு ஃபைலைத் திறந்தார். "செப்டம்பர்ல டெங்கு வந்து பன்னெண்டு நாள் பொண்ணு ஆஸ்பத்திரியில இருந்தா. மாலதி குடுத்த லெட்டர், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் இங்க இருக்கு. நீங்க எல்லா நாளும் பிரசென்ட் போட்டிருக்கீங்க."

"ஆஸ்பத்திரியிலயும் படிச்சுது டீச்சர்..."

"ட்ரிப்ஸ் ஏறும்போதா சார்? சரி விடுங்க. மழை லீவுக்கெல்லாம் பிரசென்ட். அன்னிக்கு எங்க ஸ்கூலே மூடிக்கிடந்துச்சு."

"மழை வெளியில பெய்யுது. பொண்ணு வீட்டுலதானே டீச்சர் இருந்துச்சு?"

அவர் சிரித்துவிட்டார். "நியாயம்தான் சார். அன்னிக்கு என்ன படிச்சான்னு ஒரு வரி இருந்தா நானே ஒத்துக்குவேன். ஒரு வரிகூட இல்லையே. மாலதி எழுதின நோட்டு எங்க?"

மேஜை மேல் திறந்திருந்த என் நோட்டை மெல்ல மூடினேன்.

"அதைக் கொண்டு வாங்க சார். போதும். ஆப்சென்ட் நிறைய இருந்தாலும் பரவாயில்ல. எங்களுக்கு வேண்டிய நாளுக்கு மேலயே இருக்குன்னு மாலதி சொன்னாங்க. ஆனா இதுல நான் கையெழுத்துப் போட முடியாது. கல்வி ஆபீஸ்லருந்து வந்து பார்ப்பாங்க. ஒரு பொய் நோட்டு மாட்டினா, இங்க பேர் இருக்கிற மத்தப் பிள்ளைங்க நோட்டையும் யாரும் நம்ப மாட்டாங்க சார்."

பேப்பரைப் போட்டு முழுசாக இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதனால்தான் மறுநாள் அந்தக் கடையில் மண்டியிட்டேன்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து சொன்னேன். மாலதி சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கொண்டு போய்க் குடுன்னுதானேப்பா சொன்னேன்... உன்னை யாரு எழுதச் சொன்னா?" இவ்வளவுதான். உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

பிறகு என்னென்னவோ செய்தேன். எனக்குத் தெரிந்த கவுன்சிலரைக் கூட்டிக்கொண்டு மேடவாக்கம் பள்ளிக்குப் போனேன். "இந்த பில்டிங்குக்கு சென்ட்ரிங் அடிச்சதே நான்தான்" என்றேன். ரிசப்ஷனில் இருந்த பெண் மரியாதையாகத் தண்ணீர் கொடுத்தாள். சர்டிபிகேட் இல்லாமல் முடியாது என்று அதைவிட மரியாதையாகச் சொன்னாள். நினைவிலிருந்து திரும்ப எழுதித் தரட்டுமா என்று மாலதி கிரேஸ் டீச்சரைக் கேட்டாள். "நினைவுல இருந்து எழுதினா அதுவும் உங்கப்பா நோட்டு மாதிரிதானேம்மா" என்றார் அவர். மே முடிந்தது. இடம் போனது.

கீர்த்தி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அ... அப்போ அங்க என் பே... பேரைக் கூப்பிட மாட்டாங்களா தாத்தா?"

எத்தனையோ மேஸ்திரிகளை வாயடைக்க வைத்தவன் நான். இவளிடம், "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

மறுபடியும் எட்டாம் வகுப்பு. மறுபடியும் வீடு. இந்த ஜூனில் மாலதி புது நோட்டுப் போட்டிருக்கிறாள். எழுதி முடித்ததும் பீரோவில் வைத்துப் பூட்டுகிறாள். சாவி அவள் இடுப்பில். என் வீட்டில், நான் வாங்கிய பீரோவில், என்னிடமிருந்து ஒரு நோட்டைப் பூட்டி வைக்கிறார்கள். தப்பென்று சொல்ல எனக்கு வாயில்லை.

படிக்காதவன் ஏதோ தெரியாமல் செய்துவிட்டான் என்று நீங்கள் சமாதானம் சொல்லலாம். வேண்டாம். தெரியாமல் செய்யவில்லை. அந்தப் பிள்ளை அழுத நாளும், காய்ச்சலில் கிடந்த நாளும் எனக்குக் கேவலமாகத் தெரிந்தன. ஒரே மூச்சில் அவள் பேசிய நாளையும் சேர்த்து லாரியில் ஏற்றிவிட்டேன்.

சாயங்காலமானால் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்க்கிறேன். தண்ணீர் டேங்க் இருக்கிறது. குரல் இல்லை.

பள்ளிக்கூடத்துக்காக என் வாழ்நாளில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் எழுதி முடித்த ஒரே நோட்டு... அதுதான்.