தேதி மறந்த கம்ப்யூட்டர்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஸலாம் போட்டவள் நான். இன்று ராயப்பேட்டையில் ஒன்று, அடையாறில் ஒன்று என்று இரண்டு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் கைவிட்ட மெஷினைக்கூட மூடியைத் திறக்காமலே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பதினோரு வயதிலேயே சொல்லியிருக்கிறேன்.

என் சாச்சா, அதாவது அத்தாவின் தம்பி, ராயப்பேட்டையில் தையல்காரர். பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் பேசுகிற ஹாம் ரேடியோ லைசென்ஸும் வாங்கியிருந்தார். ஞாயிறு தவறாமல் மாலை ஆறு மணிக்குத் தூத்துக்குடிக்காரர் ஒருவரோடு மோர்ஸில் பேசுவார். பேச்சு என்றால் வாயால் இல்லை, தந்தி மாதிரி விரலால் தட்டித் தட்டி. இருபது வருஷப் பழக்கம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது. அந்த வருஷம், ரேடியோவைத் தெருவுக்கே கேட்கிற சத்தத்தில் வைத்தும், மூன்று ஞாயிறாகச் சாச்சாவால் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. "அவரு தட்டுறதே வெளங்கல. வயசாயிப்போச்சு பாவம், கை நடுங்குது போல" என்றார். தூத்துக்குடியிலிருந்து கார்டு வந்தது. இந்த ஞாயிறும் பதில் இல்லையென்றால் இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று எழுதியிருந்தது. சாச்சா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மோர்ஸ் சத்தத்தை எழுத்தாக்கித் திரையில் காட்டும் புரோகிராம் ஒன்று உண்டு என்று யாரோ சொன்னார்கள். மயிலாப்பூர் மாடவீதி பிரவுசிங் சென்டரில் பாதி நாள் காத்துக்கிடந்து, நாலு ஃப்ளாப்பியில் இறக்கிக்கொண்டு வந்தோம். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாமாம். ஆனால் அப்படியே ஓடாது.

"ரெடிமேட் இல்லம்மா. துணியும் அளவும் குடுத்துட்டான். நம்ம மெஷின்ல நாமதான் தெச்சுக்கணும்" என்றார் சாச்சா.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு, எங்கிருந்தோ வாங்கிப்போட்ட பழைய கம்ப்யூட்டரில் கட்டளையைத் தட்டினார். திரையில் கேள்வியும் பதிலுமாக வரிகள் ஓடின. அது இருக்கிறதா, இருக்கிறது. இது இருக்கிறதா, இல்லை. கடைசி வரி வந்தது என்று நிமிர்ந்தால், முதல் கேள்வியிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. மூன்றாவது தடவை. நாலாவது தடவை. மணி நாலரை.

"பொண்ணு வூட்டப் பத்தி எல்லாம் விசாரிச்சாச்சே, இன்னும் இன்னாத்துக்கு நிக்காஹ் பண்ணாம இழுத்துக்கினு கீது?" என்று சிரித்தாள் சாச்சி, அவர் பெண்டாட்டி.

சாச்சா சிரிக்கவில்லை. நடுவில் வந்த ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஃபைலோட தேதி எதிர்காலத்துல கீதாம். இன்னா எழவோ."

எனக்கு உடனே பிடிபட்டது. பிடிபடாமல் என்ன? கரண்டு இல்லாதபோதும் தேதியை ஞாபகம் வைத்திருக்கிற வட்ட செல்லைப் பெட்டிக்குள்ளிருந்து கழற்றியதே நான்தான். அதில் ஒரு சிவப்பு எல்.இ.டி.யைச் சேர்த்து ஒட்டி, தலை கிளிப்பில் செருகிக்கொண்டு தெருவையே ஒரு சுற்று சுற்றி வந்திருந்தேன். மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டபோது அதில் ஓடிய வருஷம் எண்பது. நானே பிறக்காத வருஷம். நேற்று இறக்கிய ஃபைலெல்லாம் அதற்கு இனிமேல்தான் வரப்போகிறவை. எது பழசு, எது புதுசு என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

அவர் முன்னால் போய் நின்று, "சாச்சா, தேதியப் பாருங்க, தேதிய!" என்று கத்தினேன்.

பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "என் ராஜாத்தி! இன்ஜினியருடி இவ!" என்று என்னைத் தூக்கிவிட்டார். அந்தப் பாராட்டைக் கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

தேதியைச் சரிசெய்து, எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து ஆரம்பித்தோம். கரண்டு போனால் திரும்பவும் எண்பதுதான். ஃபியூஸ் போய்விடும் என்று சாச்சியை மிக்ஸிப் பக்கமே போகவிடவில்லை சாச்சா. அஞ்சே முக்காலுக்குப் புரோகிராம் தைத்து முடிந்தது. ரேடியோவிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்.

ஆறு மணி. திரையில் ஒவ்வொரு எழுத்தாக விழ ஆரம்பித்தது. நீங்கள் இருக்கிறீர்களா என்று தூத்துக்குடிக்காரர் கேட்டார். சாச்சா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், இருக்கிறேன், இருக்கிறேன் என்று தட்டினார். அவர் தோள் குலுங்கியது. தூத்துக்குடிக்காரர் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது.

சாச்சா அழுவதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. பின்னால் நின்றபடி, "சாச்சா, அந்த செல்ல எடுத்தது நான்தான்" என்றேன். அவர் திரும்பவில்லை. "கிளிப்புக்கு லைட்டு போடத்தான் எடுத்தேன். அடிக்கணும்னா அடிச்சுக்கோங்க" என்று உரக்கவே சொன்னேன். ஒரு வார்த்தை கோபம் கிடையாது. தட்டிக்கொண்டே இருந்தார். என்ன பெரிய மனசு என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுப்படி வாசலில் நின்ற சாச்சி என்னையும் அவர் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். மெதுவாக வந்து என் தலையைத் தடவினாள்.

"முன்னாடி போய் நின்னு, அவரு மூஞ்சப் பாத்துச் சொல்லுடி."

"அதான் சொல்லிட்டேனே!" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். ஒரு தடவை மன்னித்தவரிடம் எதற்கு இன்னொரு தடவை போய் மாட்டிக்கொள்வது?