ஓடிக்கொண்டிருந்த கணினியை ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்தேன்

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் காலை பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுக் கணினியின் திரை கறுத்தது. மேல் மூலையில் மட்டும் வெள்ளை எழுத்தில் 'லாகின்' என்று ஒரு வரி, அதன் பக்கத்தில் மினுக் மினுக்கென்று ஒரு கோடு.

அதற்குள்தான் என் மனைவி மங்கை கன்னடத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்த நாவல் இருந்தது. இருபத்திரண்டு அத்தியாயம், பதினான்கு மாத உழைப்பு. மாலை ஐந்துக்குள் பதிப்பாளருக்கு அனுப்பியாக வேண்டும். விஜயதசமியன்று அச்சைத் தொடங்குவது அவர்கள் வழக்கம். தவறினால் அந்த இடத்தில் வேறு புத்தகம் ஏறிவிடும். வேறு பிரதி கிடையாது.

மைசூருக்குப் பக்கத்தில் நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையின் மெயின்டெனன்ஸ் பிரிவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். இயந்திரம் என்றால் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இந்தக் கதையில் முதலில் பழுதான பாகம் அந்த நினைப்புதான்.

1. லினக்ஸ் வந்தது

எங்கள் கணினி பழையது. புது விண்டோஸ் அதைப் பார்த்து, உனக்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டது. எங்கள் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் பழனிசாமி, கொங்குத் தமிழ் பேசும் கௌதள்ளி ஊர்க்காரர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்.

"எல்டிஎஸ்னு நெடுநாள் ஓடற பதிப்பு போட்டிருக்கறனுங்க சார். அஞ்சு வருசத்துக்குக் கவலையில்ல. அப்டேட் கேட்டா மட்டும் குடுங்க. மத்தபடி நீங்க தொடாம இருந்தீங்கன்னா அது பாட்டுக்கு ஓடும்."

மங்கைக்கு வேண்டியது மூன்றே. எழுத ஒரு ரைட்டர், ஒரு கன்னட அகராதி, மெயில். மூன்றும் முதல் நாளே ஓடின. அவள் கணினியில் வேலை செய்தாள். நான் கணினியையே வேலையாக வைத்துக்கொண்டேன். நான்கு மாதத்தில் டெஸ்க்டாப் என்கிற திரைத் தோற்றத்தை நான்கு முறை மாற்றினேன். இணையத்தில் யார் யாரோ எழுதிய கட்டளைகளை எடுத்து ஒட்டினேன். பேக்கப் வேண்டாமா என்று மங்கை கேட்டபோது, "லினக்ஸுல வைரஸ் வராதும்மா" என்று தீர்ப்புச் சொன்னேன். ஆபத்து வெளியிலிருந்துதான் வரும் என்பது என் எண்ணம்.

2. சுத்தம்

பூஜைக்கு முந்தைய நாள் தொழிற்சாலையில் எல்லா மெஷினையும் திறப்போம். கிரீஸைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, யாருடையது என்றே தெரியாத போல்ட், வாஷர் எல்லாவற்றையும் ஸ்கிராப் தொட்டியில் போடுவோம். அப்புறம்தான் குங்குமமும் சாமந்தியும். இந்த முறை ஷிப்ட் இல்லாததால் கை அரித்தது. கணினிப் பெட்டியைத் திறந்து புளோயரில் தூசி ஊதினேன். அத்தோடு எழுந்திருந்தால் நான் ஒரு நல்ல கணவன்.

உள்ளேயும் சுத்தம் செய்யத் தோன்றியது. என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்று பட்டியல் எடுத்தேன். பைத்தான் என்று ஒன்று இருந்தது. அது புரோகிராம் எழுதுகிறவர்களுக்கானது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் எழுதுவதில்லை. ஸ்கிராப்.

நீக்கச் சொன்னதும், இதோடு சேர்ந்து போகிறவை என்று மூன்று திரை நீளத்துக்குப் பெயர்களைக் காட்டி, தொடரலாமா என்று கேட்டது. அடேயப்பா, இத்தனை குப்பையா என்று பூரித்துப்போய், ஆமாம் என்பதற்கு 'ஒய்' அடித்தேன். ரீஸ்டார்ட் செய்தேன். திரை கறுத்தது.

3. "ஒண்ணும் பண்ணல"

"என்னங்க, மெயில் அனுப்பணும். ஆய்த்தா, முடிஞ்சுதா?" என்று மங்கை அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"அப்டேட் ஆகிட்டிருக்கு" என்றேன். மூன்றரை மணி வரை மணிக்கொரு தரம் கேட்டாள், ஒவ்வொரு முறையும் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது. அதற்குள் வொயரைப் பிடுங்கிச் சொருகுவது உட்பட எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் முடிந்தது. மொட்டை மாடிக்குப் போய்ப் பழனிசாமிக்கு போன் போட்டேன். அவர் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார்.

"என்ன பண்ணுனீங்க சார்?"

"ஒண்ணும் பண்ணல. தானா நின்னுடுச்சு."

இருபத்தாறு வருடமாக ஆபரேட்டர்கள் என்னிடம் சொல்லும் வாக்கியம் இது. ஒருவரைக்கூட நான் நம்பியதில்லை. பழனிசாமியும் நம்பவில்லை.

"தானா நின்னுச்சுங்களா? சரிங்க, நானும் போனைத் தானா வெச்சுப்போடறேன்."

"பைத்தானை எடுத்தேன்."

அந்தப் பக்கம் ஒரு மாடு கத்தியது.

"ஏனுங்க சார், வூட்டைக் கூட்டறேன்னு கடக்காலைத் தோண்டி வெளிய போட்டீங்களாக்கும்! அந்த டெஸ்க்டாப்பு முச்சூடும் அது மேலதானுங்க நிக்குது."

"மங்கையோட ஃபைல்?"

"அது போயிருக்காதுங்க. அக்கா லாகின்ல போய்ப் பார்த்தாத் தெரியும்."

"பாஸ்வேர்டு அவகிட்டதான் இருக்கு. வேற வழி இல்லியா?"

"அட்மின் உரிமையில தொறக்கலாமுங்க. ஆனா இன்னிக்கு உங்களுக்கு அந்த வழியைச் சொல்லிக் குடுக்கறதுக்கு எனக்குத் தைரியமில்ல. அக்காவைக் கூப்பிடுங்க."

4. சதுரங்கள்

மங்கையிடம் சொன்னேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அதுவே எனக்குப் பாதி நிம்மதி. வந்து உட்கார்ந்து பாஸ்வேர்டு அடித்தாள். பழனிசாமி போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவள் தட்டினாள். நான் நடுவே, "இல்ல, அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"ஒந்து நிமிஷ சும்னே இருங்க" என்று பாதிக் கன்னடத்தில் சும்மா இருக்கச் சொன்னாள். இருந்தேன். அன்று நான் செய்த முதல் உருப்படியான காரியம் அது.

பட்டியல் வந்தது. கறுப்புத் திரைக்குத் தமிழ் தெரியாது. அத்தியாயத்தின் பெயர்களெல்லாம் வரிசையாக வெள்ளைச் சதுரங்களாக நின்றன. மங்கை திரையில் விரல் வைத்து எண்ணினாள். இருபத்தொன்று வரை வந்து விரல் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. மறுபடி மேலிருந்து எண்ணினாள்.

"இருபத்திரண்டு" என்றாள். பிறகுதான் மூச்சு விட்டாள்.

பென்டிரைவில் ஏற்ற, அட்மினான என் பாஸ்வேர்டு தேவைப்பட்டது. அதையும் அவளே வாங்கித் தட்டினாள். கீழ்வீட்டு லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, நாலரை மணிக்கு அனுப்பினாள். உண்மையைச் சொன்ன பிறகு எல்லாம் முடிய முக்கால் மணி நேரம்தான் ஆனது. அதற்கு முன்னால் நாலேமுக்கால் மணி நேரம் நான் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தேன்.

5. கற்றது

விடுமுறை முடிந்து பழனிசாமி வந்து புதிதாக நிறுவினார். தினமும் தானாக பேக்கப் எடுக்கவும் ஏற்பாடு செய்தார். கடைசியில் கேட்டார்: "அட்மின் யாரு பேருல போடறதுங்க?"

"என் பேர்ல" என்றாள் மங்கை.

"அப்ப சாருக்கு?"

"படிக்கட்டும், பாட்டுக் கேக்கட்டும்."

அன்றிலிருந்து கணினி ஒருமுறைகூட நின்றதில்லை. லினக்ஸுக்கு மாறினால் நிலையாக ஓடுமா என்று தொழிற்சாலையில் இளைஞர்கள் கேட்கிறார்கள். ஓடும். வீட்டில் மிக ஆர்வமாக இருப்பவர் யாரோ, அவருக்கு மட்டும் அட்மின் உரிமை கொடுக்காதீர்கள்.

போன வாரம் பழக்க தோஷத்தில் ஒரு கட்டளை அடித்துப் பார்த்தேன். எனக்கு இந்த உரிமை இல்லை என்றும், இந்தச் சம்பவம் நிர்வாகிக்குத் தெரிவிக்கப்படும் என்றும் திரையில் வந்தது. அது யாருக்கு, எங்கே போகிறது என்று உலகம் முழுவதும் பலர் குழம்புகிறார்களாம். எனக்குக் குழப்பமில்லை. அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது:

"என்னங்க அங்க?"

"ஒண்ணும் பண்ணலம்மா" என்று வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, என்ன அடித்தேன் என்பதை எழுத்து விடாமல் சொன்னேன்.