அக்கா வளர்த்த ஈக்கள் யாருடையவை

இதை எழுதப் பல வருடமாக எனக்குத் துணிவு வரவில்லை. "இத எழுதாதே, தம்பி" என்று அக்காவே என் வாயைக் கட்டியிருந்தார். அவர் சிவனடி சேர்ந்து ஓராண்டாகிறது. இனி தடுக்க ஆளில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாகான் செராய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த அக்கா, பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியர் ஆனார். அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் சின்ன ஈக்களைப் போத்தலில் வளர்த்து, தாய் தகப்பனின் குணம் பிள்ளைக்கு எப்படி இறங்குகிறது என்று ஆராய்ந்தார். சிறகு மடங்கிய ஓர் ஈயைக் கண்டுபிடித்து, அதன் வம்சத்தைக் காத்து வந்தார். தீனி புளிப்பதற்குள் புதுப் போத்தலுக்கு மாற்றாவிட்டால் எல்லாம் செத்துவிடும். "ஈக்குப் பசிச்சா நமக்கு லீவு இல்லலா" என்று மாணவர்களிடம் சொல்வார்.

அப்பா இறந்தபோது கருமாதி முடியும்வரை அக்கா வீட்டைவிட்டு நகரவில்லை. ஈக்களைக் கூட வேலை செய்த நம்மவர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். திரும்பிப் போனால் அலமாரி காலி.

"எல்லாம் செத்துப்போச்சுக்கா. ஈதானேலா, விடுங்க" என்றாராம்.

கொஞ்ச காலத்தில் அதே ஈ அந்த ஆள் கண்டுபிடித்ததாக மேடை ஏறியது. அவருக்குப் பதவியும் வந்தது.

அக்கா முன்பே ஒரு போத்தலை, ஈப்போவில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் தம் மாணவிக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பிள்ளை அவற்றைச் சாகவிடவில்லை. மேடை ஏறியவரின் ஈக்களை வேறொருவர் மூலம் வாங்கி, அக்கா இவற்றோடு இணைசேர்த்தார். பிறந்ததெல்லாம் மடங்கிய சிறகு.

"வேற வேற குறையா இருந்தா பிள்ளைங்களுக்குச் சிறகு நேரா வந்திருக்கும் தம்பி. இது ஒரே குறை."

அந்தப் போத்தலை அந்த ஆளின் மேசையில் அக்கா வைத்துவிட்டு வந்தார். புகார் செய்யவில்லை. "அவனுக்குத் தெரியும், போதும்" என்றார்.

எனக்குப் போதவில்லை.

அக்காவின் இறுதிச் சடங்குக்குக் குனோங் ராபாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அந்த மனிதர் மாலையோடு வந்தார்.

"அக்காவப் பத்தி ரெண்டு வார்த்த பேசலாமா தம்பி?"

"பேசலாம் சார். அந்த ஈ யாரோடதுன்னு மொதல்ல சொல்லுங்க."

மாலையைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மன்னித்துவிடச் சொல்கிறார்கள் உறவினர்கள். தினமும் விளக்கேற்றுகிறவன் நான். மாரியம்மனிடம் அவருக்குச் சாவு கேட்கவில்லை. நீண்ட ஆயுள்தான் கேட்கிறேன். அவர் போகிற கல்யாணத்திலும் கோயிலிலும் யாராவது ஒருவர் அவரிடம் அந்த ஈயைப் பற்றி விசாரிக்க வேண்டும். பெயரை எழுதவில்லை, தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். அக்காவின் இந்த நினைவு மலரின் முதல் பிரதி அவருக்குத்தான் போகிறது.

அக்காவைக் கவனித்த தாதியருக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும், தோள் கொடுத்த மாணவர்களுக்கும், அந்த ஆசிரியைக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. படித்ததை அடுத்தவருக்குச் சொல்லுங்கள். அந்த மனிதர் மேல் கோபம் இருந்தாலும் எதையும் கூட்டிச் சொல்லாதீர்கள். இரக்கம் வந்தாலும் எதையும் குறைக்காதீர்கள்.