தங்கை வீட்டு விளக்குப் பெட்டி

என் தங்கைக்குக் காது கேட்காது. அவள் கணவருக்கும் கேட்காது. கல்யாணமாகி மூன்று மாதம் ராயபுரத்தில் எங்களோடு இருந்தார்கள். பிறகு திருவொற்றியூரில் ஒரு மாடி அறை பார்த்து, தனியாகப் போகிறோம் என்றார்கள். அம்மா ஒரு மாதம் தவணை கொடுத்தாள். அந்த மாதத்தில் அவள் எப்போது கூப்பிட்டாலும் பதில் வர வேண்டும். வராவிட்டால் சாமான்களைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட வேண்டும்.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்த அறைக்கு மேற்கே மணலிப் பக்கம் ஆலைகள். காற்று திரும்பினால் அழுகிய முட்டை வாடை வரும். விபத்து என்றால் ஆலையில் அபாயச் சங்கு ஊதுவார்கள். “சங்கு ஊதனா ஊரே எழுந்து ஓடும். இதுங்க ரெண்டும் சோறு துன்னுகினு உக்காந்துகினு கீதுங்களேன்னு நான் இங்க கெடந்து சாவணுமா?” என்று கேட்டாள்.

செல்போனில் வரும் அழைப்புக்குக் காசு பிடிப்பது நின்றிருந்த காலம் அது. எங்கள் தெருவில் பாதிப் பேச்சு மிஸ்டு காலிலேயே நடந்தது. ஒரு முறை அடித்து நின்றால் வந்து சேர்ந்துவிட்டேன் என்று பொருள். இரண்டு முறை என்றால் நீ கூப்பிடு. தங்கையும் அவள் கணவரும் ஒருவருக்கொருவர் எஸ்.எம்.எஸ். அனுப்பிக்கொள்வார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவள் கொடுக்கும் மிஸ்டு கால் தங்கையின் போனில் அதிர்வாக மட்டும் வரும். போன் அலமாரியிலும் அவள் அடுப்படியிலும் இருந்தால் அதிர்ந்து என்ன பயன்?

பழைய வண்ணாரப்பேட்டையில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த என் பள்ளித் தோழனிடம் இதைச் சொன்னேன். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய அளவுள்ள கடை. ஆனால் அவனுக்கு ஒரு கனவு இருந்தது. கையில் இருக்கும் போனால் வீட்டில் இருக்கும் மோட்டார், ஃபேன், லைட் எல்லாவற்றையும் போட்டு அணைக்கிற ஒரு பெட்டி. வேலைக்குப் போகிற பசங்க எல்லோரும் வாங்குவார்கள் என்பான். நான் சொன்னதைக் கேட்டதும் மேசையில் கிடந்த ஒரு பழைய போனைத் திறந்தான். அழைப்பு வந்தால் அதை அதிரவைக்கும் பொடி மோட்டாருக்குப் போகும் கம்பியைப் பிரித்து, ரிலே என்கிற சின்ன மின் ஸ்விட்சில் சேர்த்தான். ரிலேயிலிருந்து நாற்பது வாட் பல்பு. நான் என் போனிலிருந்து அந்த எண்ணுக்கு அடித்தேன். பல்பு விட்டுவிட்டு எரிந்தது.

“இன்னா மாமு, சங்கு கண்ணுக்குத் தெரியுதா?” என்றான்.

டிபன் பாக்ஸ் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அதை அடக்கி, ஒரு மாலை எங்கள் வீட்டில் வைத்துக் காட்டினான். எங்கே மாட்டுவது, எத்தனை முறை மின்ன வேண்டும், மின்னினால் எத்தனை நிமிடத்துக்குள் பதில் மிஸ்டு கால் வர வேண்டும் என்று அம்மா சொல்லச் சொல்ல அவன் கேட்டுக்கொண்டான். தங்கை எதிரே உட்கார்ந்து எங்கள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினால் உதடு படிக்க முடியாது. அது எனக்குத் தெரியும். ஒரு தடவை அவள் கையைத் தூக்கி ஏதோ கேட்டாள். இரு, அப்புறம் சொல்கிறேன் என்று சைகை காட்டினேன். அப்புறம் சொல்லவில்லை.

நான் வேலை பார்க்கும் பத்திரிகையில் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது, எந்தச் செய்தியிலும் இரண்டு தரப்பையும் கேள் என்பதுதான். ஒரு வார்டு குழாய்த் தகராறுக்குக் கூட நான் இரண்டு தரப்பையும் கேட்டு எழுதியிருக்கிறேன். என் வீட்டில் ஒரு தரப்பை மட்டும் கேட்டு வேலையை முடித்தோம்.

பெட்டி நன்றாக வேலை செய்தது. அதுதான் சிக்கல். அம்மா காலையில் அடித்தாள். மீன் வாங்கப் போகுமுன் ஒன்று, வந்து ஒன்று. தொலைக்காட்சியில் எங்கோ தீ விபத்து என்று காட்டினால் ஒன்று. ஒவ்வொரு முறையும் திருவொற்றியூரில் அறை மின்னும். தங்கை கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து போனை எடுத்துப் பதில் கொடுப்பாள். நடுவில் காலர் டியூன் பாட்டு விற்கும் கம்பெனி அழைப்புகளுக்கும் அறை மின்னியது. அவள் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தைத்துவிட்டு வருகிறவள், அவள் கணவர் அச்சகத்தில் பைண்டிங் செய்துவிட்டு வருகிறவர். இருவருக்கும் பேச்சு என்பது கண்ணும் கையும். விளக்கு மின்னும்போது பேச்சு அறுந்துவிடும். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து மாதா கோயில் வாசலிலேயே அம்மா மிஸ்டு கால் கொடுத்தாள். பதில் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் நான்கு முறை அடித்தாள். வீட்டில் நுழைந்து செருப்பைக் கழற்றாமல் நின்று மறுபடி அடித்தாள். நான் தங்கைக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. தோழனைக் கடையிலிருந்து ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் போனோம். அம்மா வழி முழுக்க ஜெபமாலையை உருட்டினாள்.

மாடிப்படியில் ஏறும்போதே எலும்புக் குழம்பு வாசனை வந்தது. கதவு திறந்திருந்தது. அறை முழுக்க இளைஞர்கள், ஏழெட்டுப் பேர். மாலை வேளைகளில் கடற்கரை ரயில் நிலைய நடைமேடையில் கூடிக் கைகளால் பேசிக்கொள்ளும் கூட்டம் அது. தங்கையும் அவள் கணவரும் சந்தித்ததும் அங்கேதான். இப்போது உட்கார அவர்களுக்கு ஒரு அறை கிடைத்திருந்தது. யாரும் குரல் எடுக்கவில்லை, ஆனால் நான் பார்த்த அறைகளிலேயே அதிகம் பேச்சு நடந்த அறை அதுதான். சுவரில் எங்கள் பல்பின் மேல் ஒரு சோறு வடிதட்டு, கயிறு போட்டுக் கட்டித் தொங்கியது.

அம்மா அதைப் பார்த்தாள். “சாமானக் கட்டு” என்று தங்கையைப் பார்த்து, உதடு தெளிவாகத் தெரியும்படி, மெதுவாகச் சொன்னாள்.

தங்கை அழுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து என் எதிரில் நின்றாள். நான் சொல்வதை ஒன்று விடாமல் அம்மாவிடம் சொல் என்று சைகை காட்டினாள். அவள் கைகளைப் பார்த்துப் பார்த்து நான் சொன்னேன்.

“நான் நோயாளி இல்லம்மா, நீ அடிக்கடி மணி அடிச்சிப் பாக்க. எங்க வூட்ல எப்போ லைட் எரியணும்னு நாங்கதான சொல்லணும்? சங்கு ஊதனா கீழ் வூட்டு அக்கா மேல வந்து எழுப்பும். வந்த அன்னிக்கே கேட்டு வெச்சிட்டேன். அத்தச் சொல்லத்தான் அன்னிக்குக் கை தூக்கனேன். அண்ணன் இருன்னுச்சு.”

கடைசி வாக்கியத்தை விழுங்கிவிட எனக்கு ஆசைதான். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

அம்மா பாயில் உட்கார்ந்தாள். தங்கையின் கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் இளைஞர்களில் ஒருவர் வடிதட்டை அவிழ்த்துப் பெட்டியை ஆராயத் தொடங்கியிருந்தார். மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள், நான் மொழிபெயர்த்தேன். வாசல் அழைப்பு மணியை இதில் சேர்க்க முடியுமா? மணிக்கு ஒரு மின்னல், போனுக்கு வேறு மின்னல் என்று பிரிக்க முடியுமா? நாங்கள் சொல்லும் எண்களுக்கு மட்டும் எரியுமா? எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, இதை அணைக்கிற ஸ்விட்ச் எங்கே என்பதுதான்.

தோழன் சுவரிலிருந்த மாதக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே போனான். “மோட்டாரு, ஃபேனுன்னு இன்னான்னாவோ நென்ச்சேன். அணைக்கறதுக்கு ஒரு ஸ்விட்ச் வெக்கத் தோணல பாரு. கேக்க வேண்டியவங்கள வுட்டுட்டு உன்னியும் அம்மாவயும் கேட்டேனே, என்னிய சொல்லணும்” என்றான்.

பெட்டியின் இரண்டாம் வடிவம் அந்தத் தாளிலிருந்து பிறந்தது. அறையில் இருப்பவர் கைக்கு எட்டும் இடத்தில் பெரிதாக ஒரு ஸ்விட்ச். குடும்பத்தார் எண்களுக்கு மட்டும் மின்னல். வாசல் மணிக்கு நீளமான ஒளி. அம்மா கூப்பிட வேண்டியதில்லை, தங்கை தினமும் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை தானே மிஸ்டு கால் கொடுப்பாள் என்று முடிவானது. அம்மா குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். உப்பு கம்மி என்று கையால் காட்டினாள்.

தவணை முடிகிற நாள் ஒரு வியாழக்கிழமை. தினமும் காலை ஆறரைக்கு வருகிற அழைப்பு அன்று வரவில்லை. ஏழாயிற்று. அம்மா போனை இடுப்பில் செருகிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். எடுத்துப் பார்த்தாள், திரும்பச் செருகினாள். ஏழரைக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு சன்னலோரம் நின்றாள். நான் பார்ப்பது தெரிந்ததும், “நான் அடிச்சா மின்னுமா? ஸ்விட்ச் போட்டு வெச்சிருப்பாளா?” என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். ஆட்டோ கூப்பிடவா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் போனைக் கவிழ்த்துச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். ஒன்றை உரித்து முடித்து, உரித்தோம் என்பது மறந்து அதையே மறுபடி கத்தியால் சீவினாள்.

எட்டே காலுக்குப் போன் ஒரு முறை அடித்து நின்றது. அடுத்த நிமிடம் என் போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. படித்துக் காட்டினேன்: நல்லா தூங்கிட்டோம்.

“தூங்கனாளாம்” என்றாள் அம்மா. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

சன்னலுக்குக் கீழே தங்கை படுக்கிற இடத்தில், அவள் போன நாளிலிருந்து எதையும் வைக்க அம்மா விட்டதில்லை. பாய் சுருட்டியபடி நின்றது. நான் மேசை போட இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருந்தேன். நான் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா அந்தப் பாயை எடுத்துப் பரண் மேல் போட்டாள்.

“உன் மேசைய அங்க போட்டுக்கோடா நைனா. எடம் சும்மாதான கீது.”