ஊரைச் சொல், பேரைச் சொல்

"கடன் வாங்குனவுக எல்லாம் நிம்மதியா இருக்காக. வாங்காத எனக்குத்தான் விடிஞ்சதுல இருந்து நாலு போனு."

ஒரு திங்கட்கிழமை ஜெராக்ஸுக்கு நின்ற கூட்டத்தில் ஜெயராணி அக்கா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது தற்செயலாக என் காதில் விழுந்தது. பூ மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர். மகளுக்குப் பூ வைக்கும் விசேஷத்துக்கு முந்தின வாரம்தான் எங்களிடம் பத்திரிகை அடித்திருந்தார். கூட்டத்தில் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச எனக்கு வராது. ஆதாரை இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிப் போட்டேன்.

ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஊரில் பாதிப்பேருடைய பிறந்த தேதி தெரியும். கஷ்டம் மட்டும் கேட்டால்தான் தெரியும். பேகம்பூர் பக்கம் சலீம் பாய் கடையில் மூன்று வருடமாக இருக்கிறேன். பி.காம். முடித்துவிட்டு, ஜெராக்ஸ், ரீசார்ஜ், மனு டைப் அடிப்பது, போனில் பணம் அனுப்பத் தெரியாதவர்களிடம் ரொக்கம் வாங்கி அனுப்பிவிடுவது. இந்தக் கடைசி வேலையால்தான் 'கடன் வசூல்' என்று சொல்லிக்கொண்டு போனில் மிரட்டுகிற பொய்யர்களைப் பற்றி எனக்குத் தெரிய வந்தது. உங்களுக்கும் அந்தப் போன் வந்திருக்கும். வராவிட்டால் உங்கள் நம்பர் இன்னும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அறுபது ரூபாய் கமிஷன்

முதல் ஆளை நினைத்தால் இன்றைக்கும் என்மீதுதான் கோபம் வருகிறது. தையல்காரர் வேலுச்சாமி அண்ணன் காதில் போனை ஒட்டியபடியே கடைக்குள் வந்தார். ஆறாயிரம் ரூபாய், எல்லாம் நூறும் இருநூறுமாக. ஒரு நம்பரைக் காட்டி அனுப்பச் சொன்னார். "லைனைக் கட் பண்ணக் கூடாது, பணம் வந்து சேர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கணும்" என்று போனுக்குள் ஒருவன் அதட்டுவது எனக்கே கேட்டது. அண்ணனின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. நம்பரை அடித்ததும் திரையில் வந்தது யாரோ ஒரு தனி ஆளின் பெயர். பேங்க் பெயரும் இல்லை, ஃபைனான்ஸ் பெயரும் இல்லை. பார்த்தேன். உறுத்தியது. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அனுப்பிவிட்டேன். கமிஷன் அறுபது ரூபாய்.

ஒரு வாரம் கழித்து வந்தார். தையல் மிஷினுக்கு வாங்கிய கடன் இரண்டு வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது, பாக்கி எதுவும் இல்லை என்று அந்த ஃபைனான்ஸ் ஆபீசிலேயே சொல்லிவிட்டார்களாம். போன ஆறாயிரம் மகனின் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வைத்தது. அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றைக்கு நான் கொடுத்த ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "நீயாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல பாப்பா."

எந்த விசேஷத்துக்கு?

தங்கவேல் வேடசந்தூர்ப் பக்கம் தக்காளி போடுகிறவர். எட்டாயிரத்து ஐநூறு பாக்கி என்று போன் வந்ததும் அவர் பயப்படவில்லை, வெட்கப்பட்டார். எங்கள் பக்கத்தில் மொய் என்பது கடன்தான். நம் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் வைத்ததை அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்யாவிட்டால் நாலு பேர் முன்னால் நிற்க முடியாது. மகள் காதுகுத்துக்கு யாரோ எழுதிய மொய்யைத் திருப்பிச் செய்யாமல் விட்டுவிட்டோம் என்றே அவர் நினைத்துக்கொண்டார். மொய் நோட்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பெயரைக் கண்டுபிடித்து அன்றைக்கே அனுப்பிவிட வேண்டுமாம்.

கடையில் இருக்கும்போதே மறுபடி போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். "லீகல் டிபார்ட்மென்ட்ல இருந்து பேசுறோம், அமவுண்ட் பெண்டிங்" என்றது குரல். "சரிங்கய்யா, எந்த விசேஷத்துக்கு வச்சீங்க? உங்களுக்கு எந்த ஊரு?" என்றார் இவர். "ஹெட் ஆபீஸ் சார்" என்றான். "அது எந்தப் பக்கம்? யாரு மகன் நீங்க?" என்று விரலில் எச்சில் தொட்டு நோட்டைப் புரட்டினார். அந்தப் பக்கம் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு வைத்துவிட்டான். தங்கவேல் நோட்டை மூடினார். முகம் சிவந்திருந்தது. "ஊரும் இல்ல, பேரும் இல்ல. இவனுக்கு எந்தப் பக்கத்துல மொய் எழுதுறது?"

பாய்க்கு வந்த காயிதம்

தங்கவேல் கேட்ட ஊர், பேர் கேள்விகளை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு தாளில் பெரிய எழுத்தில் அடித்துச் சுவரில் ஒட்டினேன். 'கடன் என்று போன் வந்தால் கேளுங்கள்: எந்த ஊர் கிளை? உங்கள் பேர் என்ன? கடன் எண் என்ன? எழுத்தில் அனுப்புவீர்களா? சொல்லவில்லை என்றால் போனை வைத்துவிட்டு, கடன் வாங்கிய இடத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள்.' வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவளுக்குச் சுவர் ஒரு வசதி. சலீம் பாய்க்குத்தான் பிடிக்கவில்லை. "பணம் அனுப்ப வர்றவங்களத் திருப்பி விட்டா கடை வாடகையை யாரும்மா தர்றது?" என்றார்.

நாலு நாள் கழித்து பாய்க்கே போன் வந்தது. யாரோ வாங்கிய கடனுக்கு அவர் சாட்சியாம். பணம் கட்டாவிட்டால் கைதாம். வாட்ஸப்பில் ஒரு வாரண்டும் வந்தது. மூன்று நிறம், இரண்டு முத்திரை, நடுவில் தராசுப் படம். பாய் பயந்துதான் போனார். ஆனால் இருபது வருடமாகக் கோர்ட்டுக்குப் போகிறவர்களின் தாள்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த கண் அல்லவா அது. கலங்கிய மை, கோணல் முத்திரை, ஓரத்தில் யாரோ பேனாவால் எழுதிய நம்பர், இவைதான் அவருக்குத் தெரிந்த கோர்ட்டு. போனைத் தூரமாகப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். பிறகு எழுந்து போய், ஒரு ஓரம் பிரிந்து தொங்கிய என் தாளைப் பசை தடவி ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். "கோர்ட்டுல இருந்து இம்புட்டு அழகா ஒரு காயிதம் வந்து நான் பார்த்ததே இல்லம்மா."

ஷாஹிதாவின் கேள்வி

உண்மையாகவே கடன் இருக்கிறவர்கள் பாடு இன்னும் மோசம். ஷாஹிதா தோல் பை தைக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். வண்டிக் கடனில் இரண்டு தவணை நின்றிருந்தது. அதை எப்படியோ தெரிந்துகொண்ட ஒருவன் போனில், பாதியைக் கட்டினால் மீதி தள்ளுபடி, இன்றைக்கு மட்டும்தான் என்றான். அவள் யோசிக்கிறேன் என்றதும் வீட்டுப் பெண்களை எல்லாம் இழுத்துப் பேசினான். நான் சுவரைக் காட்டினேன். நேரே கிளைக்குப் போனாள். அப்படி ஒரு தள்ளுபடியே கிடையாது, அந்த நம்பர் தங்களுடையதும் இல்லை என்று சொல்லி, நின்ற தவணையைக் கட்ட ஒரு மாதம் நேரமும் கொடுத்தார்கள். திரும்பி வந்தவள் சந்தோஷப்படவில்லை. எனக்கும் அவள் கேட்டதுதான் இன்றுவரை மனதில் நிற்கிறது. பொய்யன் பேசினாலும் நிஜ ஆள் பேசினாலும் ஒன்றுதான். "கடன் இருந்தா என்னக்கா, யார் வேணா எங்க அம்மாவைப் பேசலாமா?"

மாமனாரிடம் பேசினவன்

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு புதன்கிழமை காலையில் ஜெயராணி அக்கா மறுபடி வந்தார். காதில் தோடு இல்லை. முந்தானை முடிச்சில் பன்னிரண்டாயிரம் இருந்தது. வெள்ளிக்கிழமை எரியோட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மகளுக்குப் பூ வைக்க வருகிறார்கள். அதற்குள் பணம் வராவிட்டால் அவர்களுக்கே போன் போட்டு, இந்தப் பொம்பளை மோசடிக்காரி என்று சொல்லிவிடுவோம் என்கிறானாம்.

"நான் ஒரு பைசா வாங்கல பாப்பா. ஆனா அவன் எல்லார் பேரும் சொல்றான். என் மக பேரு, எரியோட்டு மதினி பேரு, அவுக நம்பரு. வீடு வரைக்கும் விசாரிச்சிருக்கான். எங்க மாமனார்கிட்டயும் பேசிட்டானாம். அவரே பணத்தைக் கட்டிரச் சொன்னாராம். அனுப்பி விட்ரு."

பணம் என் கைக்கு வந்துவிட்டது. வேலுச்சாமி அண்ணன் பைக்குள் வைத்த ரசீது ஞாபகம் வந்தது. அதோடு இன்னொன்றும். அந்தப் பத்திரிகையை டைப் அடித்தவள் நான். பெயர்கள், கீழே இரண்டு வீட்டு நம்பர்கள், நடுவில் பெண்ணின் தாத்தா 'தெய்வத்திரு கருப்பையா அவர்களின் ஆசியுடன்'. அதைப் படமாக்கி அக்காவின் போனுக்கு அனுப்பியதும் நான்தான். அவர் சந்தோஷத்தில் எல்லாக் குரூப்பிலும் போட்டிருந்தார்.

"அக்கா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அக்கா, உங்க மாமனார் இப்ப இருக்காரா?"

அவர் என்னைப் பார்த்தார். நடந்தது எல்லாம் வரிசையாக அவர் முகத்தில் வந்து போயிற்று. பணத்தை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப முடிந்துகொண்டார். "அவரு போயி நாலு வருசமாச்சு. அந்தப் பயலுக்கு எங்க இருந்து பேசுனாராம்?"

மனுதாரர்கள்

இதோடு முடிந்திருந்தால் நானும் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன். அடுத்த போனில் அக்கா பணம் கிடையாது என்றதும், அரை மணி நேரத்தில் அவன் மிரட்டியதைச் செய்துவிட்டான். அக்காவின் வாட்ஸப் படத்தை எடுத்து, கீழே சிவப்பு எழுத்தில் 'மோசடிப் பெண், தேடப்படுகிறார்' என்று போட்டு எரியோட்டுக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதை அக்காவுக்கும் காட்டினான். நாற்பது வருடம் பூக்கூடை சுமந்து சேர்த்த பெயரை அழிக்க, முகம் தெரியாத ஒருவனுக்கு அரை மணி நேரம் போதும். எரியோட்டுக்கு நீங்களே முதலில் பேசிவிடுங்கள் என்றேன். "பொண்ணு வீட்டுக்காரி நான். எந்த வாயால இதச் சொல்லுவேன்?" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் போன் அடித்தது. 'எரியோடு மதினி'. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை நான் எடுத்தேன். அக்கா பேகம்பூரில் எங்கள் கடையில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். "அங்கேயே இருக்கச் சொல்லு, வாரேன்" என்றது அந்தக் குரல். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பாய் டீ வாங்கி வந்தார். அது ஆறி ஆடை படிந்தது.

மத்தியானம் மாப்பிள்ளையின் அம்மா பஞ்சவர்ணம் தனியாகத்தான் வந்தார். தோளில் ஒரு துணிப்பை. அக்கா எழுந்து நின்றார்.

"ஏன் மதினி, போன் போட்டா எடுக்க மாட்டீகளோ? பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன்."

"இல்ல மதினி, அந்தப் படம்..."

"பார்த்தேன். அதான் வந்தேன்." பஞ்சவர்ணம் என் பக்கம் திரும்பித் தன் போனை மேஜையில் வைத்தார். "இதுல இருக்குறத எல்லாம் பிரிண்டு எடு. போலீசுக்கு மனு எழுதணும். சைபர் கிரைமுக்கு."

டைப் அடிக்க உட்கார்ந்தேன். வந்த நம்பர்கள், நேரம், பணம் கேட்ட கணக்கு, படம், எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டேன். மனுதாரர் என்ற இடத்தில் ஜெயராணி என்று அடித்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் கேட்டார்.

"மனுதாரர் ஒருத்தர்தான் இருக்கணுமா?"

"எத்தனை பேர் வேணும்னாலும் போடலாம்மா."

"அப்ப ரெண்டாவது என் பேரைப் போடு. பக்கத்துலயே சம்பந்தின்னு போடு."

பாய் மெதுவாகக் கேட்டார், "விசேஷம் வெள்ளிக்கிழமைதானேம்மா?"

"விசேஷம் வெள்ளிக்கிழமை. மனு இன்னைக்கு. நீ போடு தாயி."

போட்டேன். தாள் வந்ததும் பஞ்சவர்ணம் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்தார். பிறகு பேனாவை வாங்கி, 'சம்பந்தி' என்ற சொல்லுக்கு நேர் கீழே கையெழுத்துப் போட்டார்.