கொட்டச்சேட்டுக்கு ஒரு வளையல்

எண்பதுகளின் நடுவில் இரண்டு வருடம் நான் ஒரு வண்டின் பின்னால் அலைந்தேன். அப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. வார நாட்களில் பாடம், சனி ஞாயிறில் முதல் பஸ் பிடித்து ஏற்காடு. நீரின் மேல் ஓயாமல் வட்டமடிக்கும் சின்னக் கறுப்பு வண்டு அது. அதே அளவில், அதே கறுப்பில் இன்னொரு வண்டும் உண்டு. லென்சில் பார்த்தால்தான் நம் வண்டுக்கு முதுகு ஓரத்தில், புடவைக்குக் கரை வைத்ததுபோல, மெல்லிய ரோமம் தெரியும். அந்தக் கரைக்காரி மலையில் எந்தெந்த ஊரில் குடியிருக்கிறாள் என்று பார்த்து வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைப்பதுதான் என் ஆராய்ச்சி. இதற்குப் பட்டம் கொடுப்பார்களா என்று வீட்டில் கேட்டார்கள். கொடுப்பார்கள் என்றுதான் நானும் நம்பினேன்.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் அந்த வண்டு ஓடுகிற தண்ணீரில் மட்டுமே இருக்கும், தேங்கிய தண்ணீரில் இருக்காது என்று அடித்துச் சொல்வார். மலைப்பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர் அப்படிச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏதாவது ஒரு குட்டையில் கிடைத்துவிட்டால் போதும், அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆராய்ச்சிக்கு உகந்த மனநிலை இல்லைதான்.

அப்படி நான் நம்பியிருந்த குட்டை கொட்டச்சேட்டில், எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் கீழே இருந்தது. கடைசி வீட்டில் காப்பிப் பழம் பறிக்கும் ஓர் அக்கா இருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நான் வலையோடு போகும்போதெல்லாம் காப்பி கொடுப்பாள். மூன்று முறை போய் மூன்று முறையும் ஒன்றும் கிடைக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினேன். மூன்றாவது முறை அவள் வரைபடத்தை வாங்கிப் பார்த்தாள். அவள் பிறந்த மாரமங்கலத்துக்குப் புள்ளி இருந்தது. வாழ வந்த கொட்டச்சேடு மொட்டையாகக் கிடந்தது. ஏன் என்று கேட்டாள். வண்டு இல்லாத ஊருக்குப் புள்ளி கிடையாது என்றேன், கொஞ்சம் கறாராகவே.

அதற்கடுத்த வாரம் மாரமங்கலத்து ஓடையில் சில வண்டுகளின் முதுகில் சிவப்பு நெயில் பாலிஷ் தொட்டு வைத்தேன். அவை எவ்வளவு தூரம் போகின்றன என்று பார்க்கத்தான்.

ஒரு மாதம் கழித்துக் கொட்டச்சேட்டுக் குட்டையில் ஆறு வண்டுகள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. ஒன்றின் முதுகில் என் நெயில் பாலிஷ். தேங்கிய தண்ணீர், அதுவும் மாரமங்கலத்திலிருந்து பறந்து வந்த வண்டு! துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அங்கேயே பேராசிரியருக்கு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். மரியாதையான கடிதம்தான். மரியாதை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

கடிதத்தை ஒட்டும்போது அக்கா காப்பியோடு வந்தாள்.

"செவப்புப் பொட்டு வெச்சது உசுரோட இருக்குதுங்களா, டீச்சரம்மா? பஸ்ஸுல வரும்போது தண்ணி நொம்பச் சிந்திப் போச்சுங்க."

வாங்கிய காப்பியைக் கல்லின் மேலேயே வைத்துவிட்டேன். தம்பி மகன் காதுகுத்துக்கு மாரமங்கலம் போனவள், திரும்பும்போது ஓடையில் வண்டுகளை மொண்டு தூக்குப்போசியில் கொண்டுவந்திருக்கிறாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கேட்டதற்குக் குழம்பு என்றாளாம்.

"அம்மா ஊட்டுக்குப் போயிட்டு வெறுங்கையோட வர முடியுமுங்களா?" என்றாள். "இப்ப எங்கூருக்கும் பொட்டு வெப்பீங்கல்ல?"

விஷயம் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அவள் என் ஆய்வேட்டைப் படிக்கப் போவதில்லை. பேராசிரியர் இந்தக் குட்டைக்கு வரப்போவதில்லை. கடிதத்தை ஐந்து நிமிடம் கையிலேயே வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அனுப்பத்தான் மனம் துடித்தது. ஆனால் இரண்டு வருடம் லென்சில் ரோமம் தேடியவளுக்குப் பொய்ப் புள்ளி வைக்கக் கை வரவில்லை. கிழித்துப் போட்டேன். அழுகை வந்தது.

பஸ்ஸில் வந்த வண்டை இந்த ஊர் வண்டு என்று எழுத முடியாது என்று விளக்கினேன்.

"நானுங்கூட மாரமங்கலத்துல இருந்து பஸ்ஸுல வந்தவதானுங்க. என்னைய மட்டும் இந்த ஊருன்னு ரேசன் கார்டுல எழுதிட்டாங்களே?"

எந்தத் தேர்வாளரும் என்னை அப்படி மடக்கியதில்லை. ஆறு வண்டுகளையும் எண்ணிப் பிடித்து, அவளுடைய போசியிலேயே மாரமங்கலத்துக்குக் கொண்டுபோய் ஓடையில் விட்டேன். என் பக்கத்து சீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் குழம்பு என்றுதான் சொல்லியிருப்பேன்.

வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவது முறையில்லை. அடுத்த முறை போசிக்குள் வரைபடத்தின் நகல் ஒன்றை மடித்து வைத்துக் கொடுத்தேன். அதில் கொட்டச்சேடு மொட்டையாக இல்லை. தேடிப் பார்த்தோம், வண்டு இல்லை என்பதற்கு அடையாளமாக, உள்ளே நிரப்பாத ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தேன். அக்கா விரலால் அதைத் தடவிப் பார்த்தாள்.

"மத்த ஊருக்கெல்லாம் பொட்டு, எங்கூருக்கு மட்டும் வளையலுங்களா?" என்று சிரித்தவள், லைன் முழுக்க அதைக் காட்டிவிட்டு வந்தாள்.

பேராசிரியரின் முகம் போகிற போக்கைக் கடைசிவரை பார்க்க முடியவில்லை. பட்டம் கிடைத்தது. மற்ற புள்ளிகளில் எந்த ஓடைக்கு யார் போசியோடு போனார்களோ, எனக்குத் தெரியாது. அந்த ஒரு வளையலைத்தான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.